படத்தைக் காட்டும் முன் வழியைச் சொல்லுங்கள்

பெருநகர பேக்கரி ஒன்றில் ஆர்டர் எழுதும் நாற்காலியில் 19 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். கேக் செய்யும் கை எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் கேக் கேட்டு வருகிறவர்களின் முகமும், கேக் கெட்டுவிட்டது என்று தொலைபேசியில் வருகிறவர்களின் குரலும் நன்றாகத் தெரியும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேக் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மகளின் முதல் பிறந்தநாள் விருந்தை மொட்டை மாடியில் வைத்தோம். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்று கேக் சொன்னேன். கடையில் வாங்கும்போது அச்சு அசல் அப்படியே இருந்தது. வெட்டப் போகும்போது கிரீம் ரோஜாக்கள் எல்லாம் தலை கவிழ்ந்து கிடந்தன. கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டேன். என் பக்கம் நியாயம் உண்டா?

பதில்: பாதி உண்டு தம்பி. எங்கே வைத்து, எத்தனை மணிக்கு வெட்டுவீர்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அந்தப் படம் குளிரூட்டிய அறையில், கேக் செய்து முடித்த கையோடு எடுத்ததாக இருக்கும். அதன் பிறகு அந்தக் கேக் என்ன ஆனது என்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கிரீம் அல்ல. பாலிலிருந்து எடுத்த, கேக்குக்கான கிரீமில் கொழுப்பு பெரும்பாலும் 30 முதல் 36 சதவீதம் வரை இருக்கும். அதைக் குளிர்ச்சியாக வைத்து அடிக்கும்போது, கொழுப்புத் துணுக்குகள் காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அவற்றைத் தாங்குகின்றன. சூடு பட்டால் கொழுப்பு இளகும், பிடி தளரும், காற்று போய்விடும். உங்கள் ரோஜா தலை கவிழ்ந்தது அப்படித்தான். ருசியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை, ஆயுள்தான் குறைவு. தாவரக் கொழுப்பில் செய்த கிரீம் அதைவிட நெடுநேரம் நிற்கும். ஆனால் சாப்பிட்டு முடித்த பின்னும் மேலண்ணத்தில் மெழுகு தடவியது போல ஒட்டிக்கொண்டிருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த பட்டர்கிரீம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. குளிர்ந்த அறையில் கம்பீரமாக இருக்கும், வெயில் கண்டால் பளபளக்கத் தொடங்கும். அந்தப் பளபளப்பைக் கண்டால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சாக்லேட்டையும் கிரீமையும் சேர்த்துச் செய்யும் கனாஷ் இன்னும் சற்றுத் தாங்கும், ஏனென்றால் கோகோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் சூட்டுக்கு அஞ்சாது, ஈரத்துக்கு அஞ்சும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் புழுக்கமான இடத்தில் வைத்தால் அதன் மேல் நீர் முத்துகள் அரும்பி, தொட்டால் விரலோடு வந்துவிடும்.

என் ஆர்டர் புத்தகத்தில் வாடிக்கையாளர் பெயருக்கு முன்னால் "வெட்டும் நேரம்" என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "மாலை 7, திறந்த வெளி" என்று அந்தக் கட்டத்தில் எழுதினால் போதும், உள்ளே இருக்கும் கேக் மாஸ்டர் தானாகவே கிரீமை மாற்றிவிடுவார். நீங்களும் இனி அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லிவிட்டு அதன் பிறகு கைப்பேசியை எடுங்கள். சண்டை போட்ட கடைக்கு ஒரு முறை போய்ப் பேசிவிட்டும் வாருங்கள். வாங்கும்போது படம் போலவே இருந்தது என்றால், அந்தக் கை நல்ல கை.

கேள்வி: விருந்துக்கு 35 பேர் வருகிறார்கள். 2 கிலோ போதுமா? 6 அங்குல கேக்குக்கும் 8 அங்குல கேக்குக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம் சொல்கிறார்களே, இரண்டு அங்குலத்துக்கா இவ்வளவு?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் எல்லாரும் ஏமாந்ததாக நினைத்துக் கோபப்படுகிறார்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கப்படி வளரும். 6-ஐ 6-ஆல் பெருக்கினால் 36, 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. உயரம் ஒன்றாக இருந்தால், 8 அங்குல கேக் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல். 12 அங்குலம் என்றால் 6 அங்குலத்தைப் போல நான்கு மடங்கு. கடைக்காரர் இதைச் சொல்லாமல் "சைஸ் பெரிது சார்" என்று மட்டும் சொல்வதால் வரும் வினை.

கேக்குக்குப் பிறகு சாப்பாடு உண்டென்றால் தலைக்கு 60 கிராம் போதும், 2 கிலோவில் சமாளித்துவிடலாம். கேக்கும் காபியும் மட்டும்தான் என்றால் 100 கிராம் கணக்குப் போட்டு மூன்றரைக் கிலோவாகச் சொல்லுங்கள். ஃபாண்டன்ட் கேக்கில் மட்டும் ஒரு கேள்வி கேட்க மறக்க வேண்டாம்: மேல் போர்வையும் பொம்மைகளும் அந்தக் கிலோவுக்குள் அடக்கமா, புறம்பா? குழந்தைகள் அந்தப் போர்வையை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். எடைக்குக் காசு கொடுத்தது நீங்கள்.

வெட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. முக்கோணமாக வெட்ட ஆரம்பித்தால் முதல் பத்துப் பேருக்குக் கதவை அடைக்கும் ஆப்பு அளவுக்குக் கிடைக்கும், மீதிப் பேருக்கு உதிரி. ஒரு ஓரத்திலிருந்து நேர்கோட்டில், இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் பலகை பலகையாக வெட்டிச் சாய்த்து, ஒவ்வொரு பலகையையும் துண்டு போடுங்கள். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டே வெட்டினால் முகம் சுத்தமாக வரும்.

வீட்டில் இரண்டே பேர், கேக் மூன்று நாள் வர வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு வழி உண்டு. பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் 1906 டிசம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு இதற்காகவே கடிதம் எழுதினார். வட்டக் கேக்கின் நடுவே இரண்டு இணைகோடுகளாக வெட்டி, நடுப்பட்டையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மீதி இரண்டு பாதிகளையும் ஒட்ட நெருக்கி ரப்பர் வளையம் போட்டுவிட வேண்டும். வெட்டிய முகம் வெளியே தெரியாது, காயாது. மறுநாள் குறுக்கே அதே போல. மனித இனத்தை மேம்படுத்துகிறேன் என்று அவர் சொன்ன யோசனைகளைக் குப்பையில்தான் போட வேண்டும். கேக் வெட்டும் யோசனையை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணன் திருமண வரவேற்புக்கு மூன்று அடுக்குக் கேக். கடையிலிருந்து மண்டபத்துக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அண்ணி மடியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு முறை எங்கள் கடையிலிருந்து பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் அடுக்குக் கேக்கை அப்படித்தான் எடுத்துப் போனார். இருபது நிமிடத்தில் தொலைபேசி. கேக் அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் அசையாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, கன்னத்தால் முட்டுக் கொடுத்தபடி உட்கார்ந்திருக்கிறாராம். பேசியது ஓட்டுநர். கார் இருக்கை பின்பக்கம் சரிவாக இருப்பது, உட்காரும் நமக்குத் தெரியாது, கேக்குக்குத் தெரியும். மடியில் உடம்புச் சூடு வேறு.

பின்பக்கச் சாமான் அறையின் தரைதான் சரியான இடம். முன் இருக்கையில் யாரும் உட்காராவிட்டால், கால் வைக்கும் தளமும் பரவாயில்லை. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. கிளம்புவதற்குக் கால் மணி முன்பே ஏசியைப் போட்டுக் காரைக் குளிர வைக்க வேண்டும். சாமான் அறைக்குள் குளிர் வராத காராக இருந்தால், தளத்தில்தான் வைக்க வேண்டும். காருக்குள் தொங்கும் வாசனைப் பொருளையும் கழற்றிவிடுங்கள். கொழுப்பு வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சை வாசம் வீசிய ஒரு சாக்லேட் கேக்கைப் பற்றியும் எனக்குத் தொலைபேசி வந்திருக்கிறது.

அதைவிட நல்லது, அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளில் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்து அடுக்கித் தரச் சொல்வது. பல கடைகள் ஆள் அனுப்புவார்கள். எப்படியானாலும், "உள்ளே எத்தனை குச்சி?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேல் அடுக்குக்கும் அடியில் ஓர் அட்டை இருக்கும். அந்த அட்டையைக் கீழ் அடுக்குக்குள் செங்குத்தாக நிற்கும் குச்சிகள் தாங்கும். குச்சி இல்லாமல் வெறும் கேக் மேல் கேக்கை வைத்தால், மேலே உள்ளது சேற்றில் கல் போல மெல்ல இறங்கும். வெட்டும்போது அந்தக் குச்சிகளை எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது ஏதோ ஒரு குழந்தையின் தட்டில் இருக்கிறது.

படத்துக்காக மட்டும்தான் மூன்று அடுக்கு என்றால், மேல் இரண்டையும் தெர்மக்கோலில் செய்து ஐசிங் பூசித் தருவார்கள். அது மோசடி இல்லை, முன்கூட்டியே சொல்லிச் செய்தால். கத்தி வைக்க வேண்டிய அடுக்கு எது என்பதை மட்டும் மணமக்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாள் கேக் முழுக்கத் தங்க நிறத்தில் மின்ன வேண்டும் என்று ஆசை. கடையில் ஒரு தூளைக் காட்டினார்கள். டப்பாவில் "நச்சற்றது" என்று எழுதியிருக்கிறது. தைரியமாகப் பூசச் சொல்லலாம் அல்லவா?

பதில்: சொல்லக் கூடாது. இந்த ஒரு பதிலையாவது கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"நச்சற்றது" என்பதும் "உண்ணத்தக்கது" என்பதும் ஒன்றல்ல. குழந்தையின் வண்ணப் பென்சிலும் நச்சற்றதுதான், அதை யாரும் தட்டில் வைப்பதில்லை. அலங்காரத் தூள்களில் பலவும், பார்ப்பதற்கு மட்டும் என்று, வெட்டும் முன் எடுத்துவிட வேண்டிய பொம்மைகளின் மேல் பூசுவதற்காக விற்கப்படுபவை. கேக்கின் மேல் நேராகப் பூசினால் அது வயிற்றுக்குள் போகும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாகாணத்தில் 2018-இல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. பூசியிருந்த தங்கத் தூளைப் பரிசோதித்தால், அது ஏறக்குறைய முழுக்கத் தாமிரத் தூள். மறு ஆண்டு மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. காரணம் தேடிப் போனபோது அகப்பட்டது முதல் பிறந்தநாள் கேக்கின் மேல் இருந்த மஞ்சள் தூள், அதில் நான்கில் ஒரு பங்கு ஈயம்.

டப்பாவை வாங்கிப் பாருங்கள். "உண்ணத்தக்கது" என்ற வார்த்தை வேண்டும், அதோடு உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் வேண்டும். உணவுக்கான தூளில் சர்க்கரை, ஸ்டார்ச், மைக்கா அடிப்படையிலான நிறமி போன்ற பெயர்கள் இருக்கும். பட்டியலே இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் "எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்பார். அந்த வாக்கியத்தை நானே கவுண்டரில் உட்கார்ந்து பல முறை சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கும் டப்பாவைத் திருப்பிப் படிக்கத் தோன்றவில்லை.

நிஜப் பூ வைக்கச் சொல்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அரளியும் ஹைட்ரேஞ்சாவும் அழகுதான், விஷமும்தான்.

கேள்வி: மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். தங்கை மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. முட்டையில்லாத கேக் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் ஒத்துவருமா?

பதில்: இரண்டும் வேறு வேறு கேள்வி. மாமியாருக்கு வேண்டியது முட்டை சேராத கேக். அது இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். தயிரோ வினிகரோ சமையல் சோடாவோடு சேரும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு, முட்டை செய்ய வேண்டிய உப்பல் வேலையைச் செய்துவிடும். இந்த வித்தையில் ஒரு கணவரின் அக்கறைக்கும் பங்கு உண்டு. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. அவருக்காக 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு தூளையும், 1843-இல் பேக்கிங் பவுடரையும் செய்தார். ஆனால் "முட்டையில்லாதது" என்றால் சைவம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபாண்டன்டிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. மாமியார் பின்னால் தெரிந்துகொண்டால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

தங்கை மகன் விஷயத்தில் "கடலை போட்டிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்று உடனே சொல்லிவிடுவார்கள், அது உண்மையாகவும் இருக்கும். "உங்கள் சமையலறைக்குள் கடலை வருகிறதா? மிக்சரும் கத்தியும் பொதுவா?" என்று கேளுங்கள். பதில் சொல்பவர் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தார் என்றால், அந்தப் பையனுக்கு வீட்டிலேயே சின்னதாக ஒன்று செய்துகொள்ளுங்கள். அவனுடைய மருந்தும் விருந்துக்கு வர வேண்டும்.

கேள்வி: கேக்கில் எழுத வேண்டியது "வாழ்த்துகள்" என்பதா, "வாழ்த்துக்கள்" என்பதா?

பதில்: தமிழாசிரியர்கள் "வாழ்த்துகள்" என்பார்கள். ஓர் எழுத்து குறைகிறது, ஒரு புள்ளி குறைகிறது என்பதால் நானும் அவர்கள் பக்கம். கூம்புத் தாளிலிருந்து கிரீமைப் பிழிந்து தமிழ் எழுதுவது எளிதல்ல. "ழ" முடிவதற்குள் "வா" சாய்ந்துவிடும். புள்ளி வைக்க மறந்து "வாழத்துகள" என்று வெளியே போன கேக்குகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயரைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். ல, ள, ழ எல்லாம் தொலைபேசியில் ஒன்றுதான். தாளில் பெரிதாக எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியை மூடும் முன் திறந்து படியுங்கள், வீட்டில் வந்து படிப்பதில் பயனில்லை.

கேள்வி: மெழுகுவர்த்தியைக் குழந்தை ஊதி அணைத்த கேக்கை எல்லாருக்கும் கொடுப்பது சுகாதாரமா?

பதில்: அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களை முதலில் சூடான பீட்சா சாப்பிட வைத்துவிட்டு, ஐசிங் பூசிய தெர்மக்கோல் வட்டத்தின் மேல் மெழுகுவர்த்திகளை ஊதச் சொன்னார்கள். ஐசிங்கில் பாக்டீரியாக்கள் சராசரியாக 1,400 சதவீதம் கூடின. இதைப் படித்த பிறகும் நான் ஊதிய கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஊதும் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் மட்டும் அதன் முன் தனியாக ஒரு கப் கேக்கை வைத்து அதில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிக் கொடுத்துவிடுவேன். பெரியவர்கள் ஊதும்போதுதான் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

கேள்வி: முதல் நாளே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். வெட்டினால் செங்கல்.

பதில்: வெண்ணெய்க் கேக். குளிரில் வெண்ணெய் இறுகிவிடும், கேக் கெடவில்லை. வெட்டுவதற்கு ஒன்றரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். பால் கிரீம் கேக்காக இருந்தால் கால் மணி போதும்.

கேள்வி: மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டு, இரவு கடை மூடும் நேரத்தில் கண்ணாடிக்குள் மிச்சமிருந்த கேக்கை வாங்கிப் போனேன். ஆர்டர் கொடுக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடிக் கேக் மட்டமா?

பதில்: கேக் மட்டமில்லை ஐயா. கடை மூடும் நேரத்தில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போன்ற கணவர்கள்தான், எனக்கு நடையிலேயே தெரியும். அடுத்த முறை ஓரங்களைப் பாருங்கள். கிரீமில் மயிரிழை போல வெடிப்பும், மேலே வைத்த பழத்தின் வெட்டுவாய் சுருங்கியும் இருந்தால் அது காலையிலிருந்து நிற்கிறது. "உள்ளே இன்று செய்தது இருக்கிறதா?" என்று கேட்டால் பின்னாலிருந்து எடுத்துத் தருவார்கள். பெயர் எழுதச் சொல்லி ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

எங்கள் திருமண நாளன்று என் கணவர் அப்படி ஒரு கேக்கை, நான் உட்கார்ந்திருந்த கவுண்டரிலேயே வந்து வாங்கினார். புத்தகத்தை எடுத்து, "வெட்டும் நேரம்?" என்று கேட்டேன். "நீ வீட்டுக்கு வந்த பிறகு" என்றார். எழுதிக்கொண்டேன்.